பிள்ளைக்கு ஒரு பல் போகத்தான் வேண்டுமா?



போன வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை. தேவ்நாரில் எங்கள் வீட்டு வாஷ்பேசின் முன் நின்று என் மருமகள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். "அத்தை, இங்கே கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்ட குரலில் பயம் தெரிந்தது. போய்ப் பார்த்தால், துப்பிய நுரை முழுக்கச் சிவப்பு. "நாலைந்து நாளாக இப்படித்தான் வருது அத்தை. குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கேட்டாள்.

நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் என் நினைவு 1987-க்குப் போய்விட்டது.

மூத்தவனை வயிற்றில் சுமந்த சமயம். மும்பை அப்போது பம்பாய். ஏழாவது மாதத்தில் கடைவாய்ப் பல் ஒன்று உயிரை வாங்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். என் வயிற்றைப் பார்த்த அவர், வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. "பிரசவம் முடியட்டும், பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். வளைகாப்பு முடிந்து வி.டி.யில் மெட்ராஸ் மெயில் ஏறி, அங்கிருந்து திருநெல்வேலிக்குப் போய்ச் சேரும்வரை கன்னத்தில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஊரில் அம்மா கிராம்பைத் தட்டி வைத்தார். "ஏளா, பிள்ளைக்கு ஒரு பல்லுன்னு போகத்தான் செய்யும். எங்களுக்கெல்லாம் போகலையா?" என்று ஆறுதல் சொன்னார். கடைசி இரண்டு மாதமும் ஒரு பக்கமாகவே மென்று, பாதி நாள் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டேன். பிரசவமாகி மூன்றாம் மாதம் அந்தப் பல்லும் பக்கத்துப் பல்லும் சேர்ந்து போயின. எனக்கு அப்போது 24 வயது.

ஆகவே மருமகள் கேட்டதும், "இன்றைக்கே டாக்டரைப் பார்ப்போம்" என்றேன். ஆனால் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

தாராவியிலிருந்து வந்த டப்பா

தாராவியில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "மதினி, மாசமா இருக்கிற பிள்ளையைப் பல் டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போயிடாதீங்க. ரெண்டு உயிரு. ஊசி, மருந்துன்னு எதையாவது கொடுத்துருவாங்க. பிரசவம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார். 1987-ல் கேட்ட அதே வார்த்தை!

அன்று சாயங்காலமே மகன் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தனுப்பினார். திறந்து பார்த்தேன். கறுப்புப் பொடி. மிஷ்ரி. "ஈறிலே தேய்க்கச் சொல்லுங்க, ரத்தம் நிக்கும், வலியும் தெரியாது" என்று சொல்லிவிட்டிருந்தார். முப்பது வருஷமாக அவர் அதில்தான் பல் விளக்குகிறார். ஊரிலே வேப்பங்குச்சியும் கோபால் பல்பொடியுமாக இருந்தவர், இங்கே வந்து அக்கம்பக்கத்து மராட்டிப் பெண்களோடு பழகிப் பிடித்த பழக்கம் இது. மகள் மேல் உள்ள பாசத்தில்தான் அனுப்பினார். இதையெல்லாம் அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் மருமகளைச் செம்பூரில் ஒரு பல் டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். சம்பந்தியம்மாவையும் வரச் சொன்னேன். மனதில் இருந்த சந்தேகங்களை எல்லாம் மூன்று பேரும் கேட்டோம். டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பல்லைக் கரைத்தா பிள்ளை வளர்கிறது?

முதல் சந்தேகம் என்னுடையது. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்கிறதா?

இல்லவே இல்லை. பிள்ளையின் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய கால்சியம் தாய் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து போகிறது. அது போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து போகும். முளைத்து முடிந்த பல்லிலிருந்து உடம்பு கால்சியத்தைத் திரும்ப எடுக்காது. அப்படியானால் நம் பாட்டிமார்களுக்குப் பிள்ளைக்கு ஒரு பல் போனது ஏன்? கர்ப்ப காலத்தில் வாயில் நடக்கும் மாறுதல்களைக் கவனிக்காமல் விட்டதால்தான்.

அந்த மாறுதல்கள் இவை. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் சுரப்பு கூடுவதால் ஈறுக்கு ரத்த ஓட்டம் அதிகமாகிறது. பல் ஓரத்தில் படியும் அழுக்குப் படலம் சாதாரண நாளில் பெரிதாக ஒன்றும் செய்யாது. இப்போதோ ஈறு அதற்கே சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் வடிக்கிறது. கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கும் மேல் இது வருகிறதாம். சிலருக்கு ஈறில் சிவப்பாக ஒரு சின்னக் கட்டி முளைக்கும். புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே சுருங்கிவிடும். ஆனாலும் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

அடுத்தது வாந்தி. மசக்கையில் வாந்தி எடுக்கும்போது வயிற்றுப் புளிப்பு பல்லின் மேல் படுகிறது. அந்தப் புளிப்பில் எனாமல் சற்று இளகியிருக்கும். நாம் என்ன செய்கிறோம்? வாய் நாறுகிறதே என்று உடனே பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் தேய்க்கிறோம். அது தவறு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துப் பல் துலக்க வேண்டும். சோடா இல்லையென்றால் வெறும் தண்ணீராவது போதும்.

மூன்றாவது, அடிக்கடி எதையாவது கொறிப்பது. புளிப்பு மாங்காய், பிஸ்கட், மிட்டாய் என்று மணிக்கொரு தரம் வாய் அசைந்தால் சொத்தைக்கு வழிதான். பசி எடுத்தால் சாப்பிட வேண்டியதுதான். கொறிப்பதற்கு வேர்க்கடலை, சுண்டல், பழம், மோர் என்று மாற்றிக்கொள்ளலாம். ரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதை நிறுத்தவும் கூடாது. மெல்லிய பிரஷ்ஷும் ஃப்ளூரைடு பேஸ்ட்டுமாகக் காலையிலும் இரவு படுக்கப்போகும் முன்னும் துலக்க வேண்டும்.

ஊசி போடலாமா?

இது சம்பந்தியம்மாவின் கேள்வி. டாக்டர் அம்மா சிரித்தார். "எங்க அம்மாவும் இதையேதான் கேட்டாங்க" என்றவர், ஒவ்வொன்றாக விளக்கினார்.

பல் கிளீனிங், சொத்தையை அடைப்பது, அவசியமானால் ரூட் கெனால், பல் பிடுங்குவது எல்லாமே கர்ப்ப காலத்தில் செய்யக்கூடியவைதான். மரத்துப்போவதற்குப் போடும் லிக்னோகெயின் ஊசியும் போடலாம். எக்ஸ்ரே தேவைப்பட்டால் எடுக்கலாம். கதிர் படுவது வாயில் ஒரு சிறிய இடம், வயிற்றுக்குப் போய்ச் சேருவது மிக மிகச் சொற்பம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே 2013-ல் இதைத் தெளிவாக எழுதி, கர்ப்பிணிகளைப் பல் வைத்தியத்துக்கு அனுப்பும்படி தன் டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

அவசரமில்லாத வேலைக்கு வசதியான காலம் நாலாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை. அப்போது மசக்கையும் அடங்கியிருக்கும், வயிறும் ரொம்பப் பெரிதாகியிருக்காது. மாதம் ஏறியபின் மல்லாந்தே வெகுநேரம் படுத்தால், வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும். இடது பக்கமாகச் சற்றுச் சாய்ந்து படுத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஆனால் கன்னம் வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, பல் வலியோடு காய்ச்சல் வந்தாலோ எந்த மாதம் என்று பார்க்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். ஊசியை விடச் சீழ்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

மருந்து விஷயத்தில்தான் கவனம் தேவை. டெட்ராசைக்ளின் என்ற மாத்திரை, வயிற்றில் உருவாகிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பல்லில் நிரந்தரமாகக் கறை ஏற்றிவிடும். ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை ஐந்தாம் மாதத்துக்கு மேல் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆகவே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் வழக்கம் வேண்டவே வேண்டாம். பல் டாக்டரிடம் எத்தனையாவது மாதம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும், பிரசவ டாக்டரிடம் பல்லுக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். ஈறு நோய் உள்ள தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம் என்று 1996-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். உலகெங்கும் பரபரப்பானது. பிறகு 823 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கர்ப்பத்திலேயே ஈறு வைத்தியம் செய்தார்கள். மற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் செய்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. வைத்தியத்தால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. ஆனால் வைத்தியத்தால் தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதலும் வரவில்லை. ஈறு நன்றாகக் குணமானது. ஆகவே ஈறு ரத்தத்தைப் பார்த்துப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கவும் வேண்டாம், வைத்தியத்துக்குப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம்.

டப்பாவில் இருந்தது என்ன?

கைப்பையில் கொண்டுபோயிருந்த டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன். டாக்டர் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "இதுதான் வேண்டாதது" என்றார்.

மிஷ்ரி என்பது புகையிலையைச் சட்டியில் கருக வறுத்துப் பொடித்தது. பல் விளக்க என்று ஆரம்பித்து, நாளுக்கு நாலு தடவை ஈறில் ஒதுக்கி வைக்காவிட்டால் கை கால் ஓடாது என்ற நிலைக்கு வந்துவிடும். வலி தெரியாமல் இருப்பது உண்மைதான். நோய் உள்ளே வளர்வதும் தெரியாமல் போய்விடுகிறது. புகையிலை கலந்த பற்பசை, பல்பொடிகளை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. வீட்டிலே வறுத்துக்கொள்வதை யார் தடுப்பது?

இது சம்பந்தமாக நம் மும்பையிலேயே ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1217 கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை கவனித்து, 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். புகையில்லாப் புகையிலை பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோர் மிஷ்ரி போடுகிறவர்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் எடை மற்றவர்களுடையதை விடச் சராசரியாக 105 கிராம் குறைவு; பிரசவமும் சுமார் ஆறு நாள் முந்தி ஆனது. பீடி சிகரெட்டைத் தொடாத தாய்மார்கள், பல் விளக்குவதாக நினைத்துச் செய்ததன் பலன் இது!

சம்பந்தியம்மா அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது டப்பாவைத் தானே எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

நம் தேவ்நாரில், கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில், மக்கள்தொகை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். நாடு முழுவதும் தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்துகிறவர்கள் அவர்கள்தான். 2019-21 ஆய்வில், நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்று கண்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல்! இப்படிப்பட்ட உடம்போடு, பல் வலியால் கீரையும் பருப்பும் மெல்ல முடியாமல் கஞ்சியைக் குடித்துக் கிடந்தால் என்ன ஆகும்? 1987-ல் நான் செய்தது அதைத்தான். கர்ப்பிணியின் பல் வைத்தியம் வெறும் பல்லுக்கு மட்டும் செய்யும் வைத்தியமில்லை என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. போகிற போக்கில் இன்னொன்று: இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

பச்சை உடம்புக்காரி பல் துலக்கலாமா?

பிரசவத்துக்குப் பிறகு நம் வீடுகளில் பத்தியம் ஆரம்பிக்கும். பச்சை உடம்பு, குளிர்ச்சி ஆகாது என்று பல் துலக்குவதைக்கூடக் கடமைக்கு முடித்துவிடுகிறோம். வெல்லம் போட்ட பிரசவ லேகியம் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுக்கும் தாய்க்குத் தன் பல்லின் நினைவு எங்கே வரும்? கர்ப்பத்தில் தப்பித்த பல்லும் இந்த மூன்று மாதத்தில் போய்விடுவது இதனால்தான்.

லேகியம் சாப்பிடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். குளிர்ச்சி என்று தோன்றினால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வேளையும் துலக்கலாம். சாப்பாடு செரிக்க என்று பத்தியக்காரிக்குத் தாம்பூலம் கொடுப்போம். அதில் பாக்கும் புகையிலையும் வேண்டாம். பாக்கு தனியாகவே புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 2004-ல் அறிவித்திருக்கிறது. பால் கொடுக்கும் தாயும் பல் வைத்தியம் செய்துகொள்ளலாம். மரத்துப்போகும் ஊசி போட்டாலும் அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

இனி குழந்தை. பால் பல் 20-ம் தாயின் வயிற்றிலேயே உருவாக ஆரம்பித்துவிடுகின்றன. பிறக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். சேனை வைப்பது, நாக்கில் தேன் தடவுவது எல்லாம் வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதில் குழந்தைக்குக் கடும் நோய் தரும் கிருமி இருக்கக்கூடும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க வைக்காதீர்கள். சர்க்கரை கலந்த பால் இரவெல்லாம் தேங்கினால் மேல் வரிசை முன்பற்கள் அரித்துக் கறுத்துவிடும்.

சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் பெரியவர்களின் எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகக்கூடும். நாம் சூடு பார்த்த ஸ்பூனிலேயே ஊட்டுகிறோம். கீழே விழுந்த நிப்பிளை நாமே சப்பித் துடைத்துக் கொடுக்கிறோம். இரண்டும் வேண்டாம். தாயும் பாட்டியும் தங்கள் சொத்தைப் பல்லை முன்கூட்டியே சரி செய்துகொள்வது குழந்தைக்கும் நல்லது.

பல் முளைக்கும் முன்பே, பால் குடித்ததும் சுத்தமான ஈரத் துணியால் ஈறை மெல்லத் துடைக்கலாம். ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முதல் பல் வரும்; சில குழந்தைகளுக்குத் தாமதமாகும், கவலை வேண்டாம். பல் வந்ததும் சின்ன பிரஷ்ஷில் அரிசி மணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட் வைத்துத் துலக்கிவிடலாம். முதல் பிறந்த நாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பல் முளைப்பதால் என்று நினைத்துக் கடும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் அலட்சியம் செய்யாதீர்கள். அதற்கு வேறு காரணம் இருக்கும்.

எங்கே போவது?

தனியார் டாக்டரிடம் போனால் செலவாகுமே என்று தயங்குகிறவர்கள் பலர். கோவண்டியில் ஹார்பர் வண்டி ஏறினால் நேரே சி.எஸ்.எம்.டி.; பக்கத்திலேயே சென்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி 1933 முதல் இருக்கிறது. இரண்டிலும் செலவு குறைவு. காலையில் சீக்கிரம் போனால் வேலை முடியும். தவிர, 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி திட்டத்தின்கீழ், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். போகும்போது "என் ஈறையும் பாருங்கள்" என்று நீங்களாகவே வாய் திறந்து சொல்லுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள்.

என் மருமகளுக்கு அன்று பல் கிளீனிங் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு சொத்தையை அடைத்தார்கள். ரத்தம் வடிவது மெல்ல மெல்ல நின்றது. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்ற முறைப்படி வளைகாப்பு முடிந்து தாராவிக்குப் போனவள், தை பிறந்ததும் பெண் குழந்தையைப் பெற்றெடுத்தாள். ஒரு பல்லும் போகவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு மிஷ்ரியை விடுவது எளிதாக இல்லை. முதல் வாரம் தலைவலி, எரிச்சல், யாரோடும் பேச்சில்லை. இரண்டு தடவை திரும்பப் போட்டும் பார்த்துவிட்டார். பேத்தி பிறந்தபின் ஒரேயடியாக விட்டுவிட்டார். இப்போது பேத்திக்கு எட்டு மாதம். போன வாரம் கூழ் ஊட்டும்போது ஸ்பூனில் டக்கென்று ஒரு சத்தம். "மதினி, பல்லு!" என்று போனில் அவர் கூவியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ மாசமாக இருந்தால், இன்று ராத்திரி ஒரு கேள்வி கேளுங்கள்: "பல் துலக்கும்போது ரத்தம் வருதாம்மா?" வருகிறது என்றால் பிரசவம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.